ஒரு டின்னுக்கு ஒன்று தசம் மூன்று

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் பக்கற்று உடைபட வேண்டுமென்றால் அது முதலில் என் கைக்கு வர வேண்டும். நான் கேட்டு வாங்கிய வேலை இல்லை இது. வாப்பா கரைவலை இழுத்தவர். உம்மா இன்றைக்கும் கையெழுத்துக்குப் பெருவிரலை நீட்டுபவர். எனக்கு மூத்தவர், ராத்தா, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். ஒலுவில் கெம்பஸுக்குப் போய் இரசாயனவியல் படித்துவிட்டு வந்த முதல் ஆள் நான்தான். அரசாங்க நியமனம் இன்னும் வரவில்லை, கல்முனையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு ரியூசன் எடுக்கிறேன். ஆனால் வீட்டாருக்கு என் படிப்பின் பிரயோசனம் முழுவதும் பக்கற்றின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசிப்பதில்தான் இருக்கிறது.

"இதில பண்டிக் கொழுப்பு இரிக்கா பாரு," என்று ராத்தா நீட்டுவார்.

பன்றியிலிருந்தும் எடுக்கிற ஜெலட்டின் என்ற சொல்லை நான் தேடுவேன். பிறகு நிறமூட்டிகளுக்குக் கொடுக்கும் இலக்கங்களைத் தேடுவேன். எந்த இலக்கம் மிருகத்திலிருந்து வருகிறது, எது செடியிலிருந்து வருகிறது என்று ஒரு பட்டியலே போனில் வைத்திருந்தேன். நான் தலையாட்டினால் சாமான் குசினிக்குள் போகும். முகத்தைச் சுளித்தால் குப்பைக்குப் போகும். ஒரு தடவை நல்ல சொக்லட் பெட்டியொன்றைச் சந்தேகத்தின் பேரில் எறிய வைத்துவிட்டேன் என்று ராத்தாவின் பிள்ளைகள் இன்னும் என்னோடு கோபம்.

ராத்தாவைக் கல்யாணம் முடித்த மச்சான், எங்கள் ஊர் வழக்கப்படி, எங்கள் வீட்டுக்கு வந்து குடியிருப்பவர். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுவோம். சாய்ந்தமருதிலிருந்து கல்முனைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பதினாலு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன் அவருடையது. பள்ளிக்கூட வேன் ஓட்டுவதென்றால் வெறும் ஓட்டம் இல்லை. எந்தப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலை மறந்து வரும், எது முன்சீட்டில் இருந்தால்தான் சத்தியெடுக்காது, எந்தப் பிள்ளையின் உம்மா வெளிநாட்டில், எல்லாம் அவருக்குத் தெரியும். சனி ஞாயிறுகளில் வாடகை ஓட்டமாக வெளிக் கயருக்கும் போவார். அறுகம்பையில் அலை சரியாக வரும் மாதங்களில், பலகை ஓட்ட வருகிற வெள்ளைக்காரர்களைக் கட்டுநாயக்காவிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவது அப்படியான கயர்.

அந்தக் கிழமை அவர் ஏற்றி வந்தது மூன்று அவுஸ்திரேலியப் பொடியன்கள். வழியில் வேன் ரயர் காற்றுப் போக, அவர்களே இறங்கிக் கையில் கிரீஸ் பூசிக்கொண்டு உதவினார்களாம். இறங்கும்போது தங்கள் பையிலிருந்து நாலு டின்னை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டுத் தோளில் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளை டின், பச்சை எலுமிச்சங்காய்ப் படம், சுற்றிவர நீர்க்குமிழிகள். மச்சான் அதைச் சோடா என்று நினைத்தார். யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் திங்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனைக் கழுவி, சீட்டுக்கடியில் கிடந்த கடல் மண்ணையெல்லாம் கூட்டிவிட்டு, பத்தரை மணியளவில் எனக்கு இரண்டு படமும் ஒரு குரல் பதிவும் அனுப்பினார். நான் கல்முனையில் ஒரு கொப்பிக் கடையில், வகுப்புக்கான குறிப்புகள் அச்சாகி வரும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

"மச்சான், வெள்ளக்காரப் பொடியனுகள் தந்த சோடா. குடிக்க ஏலுமா பாரு. வெயில் கொல்லுது. சீனி கூடவா இரிந்தா ஒன்ட ராத்தா என்ன வேலிக்குள்ளயும் எடுக்க மாட்டா."

மச்சானுக்கு இரண்டு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அவருக்கு விருப்பமான சோடாவையெல்லாம் ராத்தா வீட்டைவிட்டே துரத்தியிருந்தார்.

நான் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். ஒரு படம் டின்னின் முகப்பு. அதில் 'ஹார்ட் செல்ட்சர்' என்று இருந்தது, அதை நான் கம்பனியின் பெயர் என்று எடுத்துக்கொண்டேன். மற்றப் படம் போசணை அட்டவணை. சீனி ஒரு கிராமுக்கும் குறைவு. செயற்கை நிறம் இல்லை. அதற்குக் கீழே ஒரு சின்ன இலை அடையாளமும், 'வீகன்' என்ற சொல்லும். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. வீகன் என்றால் மிருகத்திலிருந்து எடுத்தது எதுவுமே இல்லை. பால்கூட இல்லை, தேன்கூட இல்லை. பண்டிக் கொழுப்பு எங்கிருந்து வரும்? இத்தனை வருடமாக நான் ஒவ்வொரு இலக்கமாகத் தேடிய வேலையை அந்தக் கம்பனியே ஒரு சொல்லில் முடித்து வைத்திருக்கிறதே என்று நினைத்தேன்.

"தாராளமாக் குடிங்க மச்சான். சீனியும் இல்ல, கொழுப்பும் இல்ல. சுத்தமான சாமான்," என்று குரல் பதிவு அனுப்பினேன்.

சுத்தமான சாமான். நான் சொன்ன வார்த்தைதான்.

பன்னிரண்டு மணி கடந்து, பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கையில் நான் வீட்டுக்குள் நுழைந்தேன். மச்சான் முன் விறாந்தையில், கால் இரண்டையும் நீட்டி, பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டின் வெறுமையாகக் கிடந்தது. கையில் இருந்ததும் முடிந்த மாதிரித்தான்.

"வா மச்சான் வா! என்ன சாமான்டா இது? மொதல்ல கொஞ்சம் கசந்திச்சு. ரெண்டாவது சும்மா தண்ணி மாதிரி எறங்குது."

குசினிக்குள்ளிருந்து ராத்தாவின் குரல். "அந்தாள் காலச் சாப்பாடும் தின்னாம அந்தத் தண்ணியக் குடிச்சுட்டுக் கதையோ கத. முன் ஊட்டுக்காரரோட மழ வரும் வராது எண்டு அர மணித்தியாலம் வாய்."

மச்சான் அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. முகம் சிவந்திருந்தது. வெயிலில் வேன் கழுவியதால் என்று நினைத்தேன். காலி டின்னைச் சும்மா கையில் எடுத்துத் திருப்பினேன். போனில் எனக்கு வராத பக்கம் அங்கே இருந்தது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரியின் படம். கையில் கிளாஸ். குறுக்கே ஒரு கோடு. அதற்குக் கீழே சின்னதாக ஒரு போத்தல் படம், அதன் பக்கத்தில் 1.3 என்ற இலக்கம், நியமக் குடி அளவுகள் என்று ஆங்கிலத்தில். அதற்கும் கீழே, அற்ககோல் கனவளவில் ஐந்து வீதம். 'ஹார்ட்' என்றால் மதுசாரம் சேர்ந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

கெம்பஸில் நான் எதனோலைக் காய்ச்சி வடித்திருக்கிறேன். அதன் கொதிநிலை எனக்குப் பாடம். ஆனால் அது ஒரு டின்னுக்குள் எலுமிச்சை மணத்தோடு எங்கள் விறாந்தைக்கு வரும் என்று என் புத்திக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நான் கொழுப்பைத் தேடிப் பழகியவன். கொழுப்பு இல்லை என்றதும் கதவைத் திறந்துவிட்டேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு.

"மச்சான், ஒருக்கா வேனடிக்கு வாங்க."

"என்னத்துக்கு? சோறு போடுறா."

"வாங்களன்."

வேனின் மறுபக்கத்தில், வேலியோரம் நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. இதில் மதுசாரம் இருக்கிறது, நான் பார்க்காமல் விட்டுவிட்டேன், பிழை என்னுடையது என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "விளையாடாத."

நான் டின்னை நீட்டி, அந்தப் படத்தைக் காட்டினேன். ஆங்கிலம் வாசிக்காத மனிதருக்கும் அந்தப் படம் விளங்கியது. சிரிப்பு நின்றது. குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். மறுபடியும் கொப்பளித்தார். விரலைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து வேனின் படியில் இருந்தார்.

"நாப்பத்தொரு வயசு மச்சான் எனக்கு," என்றார். "ஒரு சொட்டு... நான் கட்டாரில இரிக்கக்குள்ள கூட, கூட இரிந்தவனெல்லாம் குடிச்சான். நான் தொடல்ல."

டின்னை என் கையிலிருந்து வாங்கித் திருப்பினார்.

"எவ்வளவு இது? ஒரு பியர் மாதிரியா, இல்ல கொறஞ்சதா?"

கேட்டாரே, அதுவே எனக்குப் பிடி கிடைத்த மாதிரி இருந்தது. கையில் இருந்த வகுப்புக் குறிப்பின் பின்பக்கத்தில் எழுதினேன். டின்னில் முந்நூற்று முப்பது மில்லிலீற்றர். அதில் ஐந்து வீதம், பதினாறரை மில்லிலீற்றர் தனி எதனோல். தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் நிறையில் ஏறத்தாழப் பதின்மூன்று கிராம். அந்த நாட்டில் பத்துக் கிராமை ஒரு நியம அளவு என்கிறார்கள். வேறு நாடுகளில் எட்டு, பதினாலு என்று மாறும். ஆகவே டின் ஒன்று, அளவு ஒன்றல்ல. ஒன்று தசம் மூன்று. இரண்டு டின் என்றால் இரண்டு தசம் ஆறு.

"பியரே தான் மச்சான். பேரும் நிறமும்தான் வேற."

"ஆனா சாராயம் மாதிரி இல்லத்தானே? சாராயம் முப்பதுக்கு மேல எண்டுவாங்க. இது அஞ்சுதானே?"

"சாராயத்த முந்நூத்தி முப்பது ஊத்திக் குடிக்கிற இல்லையே. சின்னக் கிளாஸில நாப்பது ஊத்துவாங்க. வீதம் கொறஞ்சாலும் டின் பெருசு. ஒரு டின்னுக்குள்ள இரிக்கிறது, அந்தச் சின்னக் கிளாஸுக்குள்ள இரிக்கிறத விடக் கொஞ்சம் கூட."

அவர் அந்தத் தாளை வாங்கி, இலக்கங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வைத்தியர் கொடுத்த துண்டைப் பார்க்கிற மாதிரி.

"எப்ப போகும்?"

"ஈரல் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு அளவத்தான் அழிக்கும். ஆளுக்கு ஆள் மாறும். நீங்க வெறும் வயித்தில, பழக்கமும் இல்ல. மூணு மணித்தியாலமாகும். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"தேசிக்காய் பிழிஞ்சு குடிச்சா? பிளேன்டீ? குளிச்சா?"

"ஒண்டும் வேல செய்யாது மச்சான். நேரம் மட்டும்தான்."

அவர் எழுந்து நின்றார். நேராகத்தான் நின்றார். வேன் திறப்பு அவருடைய சேர்ட் பையில் இருந்தது, அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் செய்யல்ல. தல கொஞ்சம் லேசா இரிக்கி, அவளவுதான். மணமும் தேசிக்காய் மணம்தான். கண்ண மூடிட்டு ஓட்டுற ரோட்டு மச்சான் அது. மெதுவாப் போறன்."

"அந்த லேசுதான் மச்சான் இது. ரோட்டுல ஒரு ஆடு குறுக்க வந்தா ஒங்கட கால் பிறேக்குக்குப் போற நேரம் கூடும். அது ஒங்களுக்கு விளங்காது."

"நான் போகாட்டி? பதினாலு புள்ளயும் கேற்றடியில நிக்குங்கள். தாய் தகப்பனுக்கு என்ன சொல்ற? ஸ்கூல் வேன்காரன் குடிச்சிட்டான் எண்டா? இந்த ஊர்ல அதுக்குப் பொறகு நான் ஆர ஏத்துற?"

அவர் குரல் உயர்ந்தது. உயர்ந்ததைத் தானே கேட்டு நிறுத்திக்கொண்டார். வழமையில் அவர் குரல் உயர்த்தாதவர். அப்படி உயர்ந்ததுதான் அவருக்கு எதையோ காட்டியிருக்க வேண்டும். சற்று நேரம் வேனுக்குள் பார்த்தார். முன்சீட்டின் பின்புறத்தில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய பூ ஸ்டிக்கர் பாதி கழன்று தொங்கியது. அதை விரலால் அழுத்தி ஒட்டினார். பிறகு திறப்பை எடுத்து என் கையில் வைத்தார்.

"புடி. நான் கேட்டாலும் தராத."

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத்தான் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. ஓட்ட வேறு ஆள் வேண்டும். மச்சானோடு அதே ரோட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற காரைதீவு அண்ணன் ஒருவர் இருக்கிறார், எங்களைப் போல் முஸ்லிம் இல்லை, தமிழ் ஆள். இரண்டு பேரும் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கேற்றடியில் தேத்தண்ணி குடிக்கிற கூட்டாளிகள். மச்சான் அவருக்குப் போன் போட்டார். வயிற்று வலி என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். நான் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அண்ணன், நான் தெரியாமக் குடிச்சுட்டன்," என்றார் மச்சான்.

"என்னத்தக் குடிச்சாய்? பெற்றோலா?"

"மதுசாரம் அண்ணன். வெள்ளக்காரன்ட சோடா டின். ரெண்டு."

மறுமுனையில் வெடித்த சிரிப்பு எனக்கும் கேட்டது.

"அட தம்பி! நான் கோயில் திருவிழா முடியட்டும், முடியட்டும் எண்டு மாசக் கணக்காக் காத்திருந்து குடிக்கிறத, நீ திங்கக்கிழம பகல் பன்னெண்டு மணிக்குக் குடிச்சிட்டு இரிக்கியா?"

"சிரிக்காதீங்க அண்ணன். புள்ளயள்."

சிரிப்பு நின்றுவிட்டது. "சரி சரி. திறப்பத் தூர வை. என்ர புள்ளயள இறக்கிப்போட்டு உன்ர புள்ளயளையும் நானே ஏத்துறன். ஒரு முக்கா மணித்தியாலம் பிந்தும். வாச்சரிட்டச் சொல்லி கேற்றுக்கு உள்ளுக்கு நிப்பாட்டச் சொல்லு. நீ சோத்தத் திண்டுட்டுப் படு. அந்த டின்ன நானும் அறுகம்பையில கண்டனான். தண்ணி மாதிரி இறங்கும். பியர் எண்டா கசப்புக்கே ஒராள் மெதுவாக் குடிப்பான். இது அப்படியில்ல."

மச்சான் பள்ளிக்கூடக் காவலாளிக்குச் சொன்னார். பிறகு பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில், இன்று பிள்ளைகள் காரைதீவு அண்ணனின் வேனில் முக்கால் மணித்தியாலம் தாமதமாக வருவார்கள் என்று என்னைக் கொண்டு எழுதிப் போட்டார். காரணம் எழுதவில்லை.

ராத்தாவுக்கு நான்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏச்சைவிடக் கூடுதலாக ஆச்சரியம் இருந்தது. "நீ பாத்துத்தானே சொன்னாய்?" என்று மட்டும் கேட்டார். பிறகு மச்சானுக்குச் சோறு போட்டு, பக்கத்தில் இருந்து விசிறினார்.

மச்சான் பள்ளிவாசலுக்கும் போகவில்லை. "இதோட எப்படித் தொழுற?" என்றார். தொழுகைக் கணக்கு எனக்குத் தெரியாது, அது மௌலவியிடம் கேட்க வேண்டியது, எனக்கு வேன் கணக்கு மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன். அவரே மௌலவிக்குப் போன் எடுத்துக் கேட்டார். அறியாமல் நடந்ததற்குக் குற்றமில்லை, தலை தெளிந்ததும் தொழுங்கள் என்றாராம். பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன் குளித்து வந்து விறாந்தையிலேயே லுஹரைத் தொழுதார். வழமையைவிட நீண்ட நேரம் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் இருந்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

அதற்கு முன், இரண்டு மணிக்குப் பிறகு, காரைதீவு அண்ணன் ஒவ்வொரு பிள்ளையையும் இறக்கும்போதும் போன் அடித்தார். மச்சான் கொப்பியில் பெயருக்கு நேரே புள்ளி போட்டார். பதினாலாவது புள்ளியையும் போட்டு, தொழுதும் முடித்த பிறகுதான் படுத்தார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். மாலையில் எழும்பி வந்து மச்சான் சொன்னார்: "குறூப்பில உண்மையப் போடு."

"என்னத்துக்கு மச்சான்? இப்ப ஒருத்தருக்கும் தெரியாதுதானே."

"நான் மட்டுமா அறுகம்பைக்குக் கயர் போறன்? அந்தக் குறூப்பில இன்னும் மூணு தகப்பன் டிரைவர். ஹோட்டல்ல வேல செய்றவனும் இரிக்கான். நாளக்கி ஒரு புள்ள பிரிட்ஜத் தொறந்து சோடா எண்டு குடிச்சா? படத்தோட போடு. எல்லாப் பக்கத்தையும் போடு."

நான் டின்னைச் சுற்றிச் சுற்றி ஐந்து படம் எடுத்தேன். கீழே இப்படி எழுதினேன்: 'இது சோடா அல்ல. இதில் மதுசாரம் உண்டு. இரண்டு டின், ஏறத்தாழ இரண்டு பியருக்குச் சமம். நான் சரியாக வாசிக்காமல் குடிக்கலாம் என்று சொன்னதால் எங்கள் மச்சான் தெரியாமல் குடித்துவிட்டார். தெரிந்தவுடன் இன்று வேனை எடுக்கவில்லை. உங்கள் வீட்டில் இப்படி டின் இருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சந்தேகமிருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள்.' அனுப்புமுன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒன்ட பேர ஏன் போட்டாய்?" என்று கேட்டார். பேர் போடவில்லை, நான் என்றுதான் போட்டேன் என்றேன். "நான் எண்டாலும் ஒண்டுதான்," என்றார்.

முதலில் ஒரு தகப்பன் தன் இரண்டு பிள்ளைகளும் நாளையிலிருந்து வேறு வேனில் போவார்கள் என்று எழுதினார். மச்சான் அதற்கு, அண்ணன் என்கிற முறையில், சரி காக்கா, என்று பதில் போடச் சொன்னார். அந்த இரண்டு பிள்ளைகளும் திரும்பி வரவில்லை. வழியில் அவர்களைக் கண்டால் மச்சான் இன்னும் ஹோர்ன் அடித்துக் கை காட்டுவார். மற்றவர்கள் யாரும் போகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பிள்ளையின் உம்மா எனக்குத் தனியாக ஒரு படம் அனுப்பினார். அதே வெள்ளை டின், அதே எலுமிச்சங்காய். ஹோட்டலில் வேலை செய்கிற தம்பி கொண்டுவந்ததாம், நோன்பு திறக்க நல்லது என்று எடுத்து வைத்திருந்தாராம்.

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த இரண்டு டின்னையும் நானும் மச்சானும் கொல்லை வடிகானில் ஊற்றினோம். நுரை பொங்கிச் சீறிக்கொண்டு போனது. "பாக்க எவ்வளவு நல்ல பிள்ள மாதிரி இரிக்கி," என்றார் மச்சான்.

இனி என்னிடம் யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேட்கிறார்கள், முன்னைவிடக் கூட. நான்தான் மாறிவிட்டேன். ஒரு படத்துக்குப் பதில் சொல்வதில்லை, திருப்பித் திருப்பி எடுத்து அனுப்புங்கள் என்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்றும் சொல்கிறேன். முன்பு அந்தச் சொல் என் வாயில் வராது.

போன கிழமை வகுப்புக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கையில் மச்சானிடமிருந்து ஆறு படம் வந்தது. கட்டுநாயக்காவிலிருந்து வந்தவர்கள் வேனில் விட்டுப்போன போத்தல். முன்பக்கம், பின்பக்கம், மூடி, அடி, பக்கவாட்டில் இரண்டு. ஊரில் எல்லாக் கடையிலும் விற்கிற சாதாரணக் குடிதண்ணீர்ப் போத்தல்தான் அது. கூடவே ஒரு குரல் பதிவு.

"மச்சான், வடிவாப் பாத்துச் சொல்லு. இது தண்ணிதானே? ஒண்டரைக்குப் புள்ளயள ஏத்தணும்."

நான் ஆறு படத்தையும் பெருப்பித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டுத்தான் பதில் அனுப்பினேன்.